ஒன்றரை கேன்

பள்ளிப்பட்டில் அன்று ஒரு தூறல்கூட இல்லை.
மேலே, ஆந்திராவில் பெய்திருந்தது.
எங்கள் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் என்பது
எப்போதுமே அடுத்த மாநிலத்துச் செய்தி.

"உபரிநீர் விநாடிக்கு இரண்டாயிரம் கன அடி
வெளியேற்றப்படுவதால்
கரையோரம் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான..."
மூன்றாவது வரியில்
என் கட்டைவிரலே நகர்ந்துவிட்டது.
இயற்பியலில் எண்பத்தாறு வாங்கியவள் நான்.
கன அடி எவ்வளவு கனக்கும் என்று
ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

முனிரத்தினத்தின் தண்ணீர்க் கடைக்குப் போனேன்.
தெலுங்கில் சண்டை போடுவான்,
தமிழில் பாக்கி கேட்பான்.
காதில் செருகிய பென்சிலை எடுத்து
சுவரிலேயே கணக்குப் போட்டான்.
கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர் சொச்சம்.
கேனுக்கு இருபது.
"ஒன்றரை கேன்னு வச்சுக்கோ, யோகா.
கொசுறு சேர்த்து."

அப்படியென்றால் இரண்டாயிரம் கன அடி
மூவாயிரம் கேன்.
ஒரு விநாடிக்கு.

அவன் பென்சிலைத் திரும்பக் காதில் செருகவில்லை.

காலி கேன்களை அடுக்கி
மேலே போனை நிறுத்தினோம்.
விசைத்தறிகள் வாய் மூடும் சாப்பாட்டு நேரம்.
நாற்பது விநாடி பேசினேன்:
நீங்கள் ஹாய் சொல்லி முடிப்பதற்குள்
மூவாயிரம் கேன் தரைப்பாலத்தைத் தாண்டியிருக்கும்,
பைக்கை எங்கே விடப்போகிறீர்கள்?
மூடிய பாலங்கள் இவை, இவை, இவை.
தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.
தெலுங்கில் பேசினால் நான் அரவப் பெண்,
தமிழில் பேசினால் நகரிப் பெண்.
இரண்டுக்கும் நடுவே எங்கோ
போன் ஒரு கோபுரத்திலிருந்து
இன்னொரு கோபுரத்துக்குத் தாவி
"ஆந்திரப் பிரதேசத்துக்கு நல்வரவு" என்றது.
நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

இரவுக்குள் நாற்பத்தோராயிரம் பேர்.
அக்கா, அந்தக் கம்மல் எந்தக் கடை?
அக்கா, நாளைக்கு காலேஜ் லீவா?
யாரோ ஒருவன் வெறுமனே
கேன், கேன், கேன் என்று எழுதியிருந்தான்.

மறுநாள் மாலை ஒரு நர்சிங் மாணவி எழுதினாள்.
நான் சொன்ன மூன்றாவது பாலம்
மூடப்படவே இல்லையாம்.
எனக்கு வந்த படம் போன வருடத்தது.
பதினெட்டு கிலோமீட்டர் சுற்றிப் போய்
தேர்வறைக் கதவை அடைந்தபோது
மணி பத்தரை.
"பாலம் திறந்துதான் இருந்துச்சுக்கா."
திட்டவில்லை.
அந்த 'க்கா' மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

அதே இடம், அதே கேன்கள், அதே கம்மல்.
நான் சொன்னது தப்பு என்றேன்,
இரண்டு மொழியிலும்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
அதில் முப்பது தடவை நானே.
தப்புக்கு பைக் இருக்கிறது.
திருத்தம் டவுன் பஸ்ஸுக்கு
கூட்டு ரோட்டில் காத்துக்கொண்டு நிற்கிறது.

இனி பேசமாட்டேன் என்று நான் சொன்னதற்கு
முனிரத்தினம் பதில் சொல்லவில்லை.
சுவரில் இருந்த கணக்கை அழிக்கவுமில்லை.

அடுத்த மழைக்கு
விடிவதற்கு முன்பே ஸ்கூட்டியை எடுத்தேன்.
துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு
முதல் பாலம், இரண்டாவது பாலம்,
அந்த மூன்றாவது பாலம்.
செம்மண் கரைத்த டீ போல ஆறு
கைப்பிடிக் கற்களின் கழுத்துவரை.
பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேர்
வண்டியை உறுமவிட்டபடி நின்றார்கள்.

"எவ்ளோ இருக்கும்டா?"

"அஞ்சாயிரம் கேன் போட்டிருக்கான்.
அதுல உன் வண்டி ஒரு மூடிகூட ஆகாது."

என்ஜின் நின்றது.
என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.
கொஞ்சம் தள்ளிப் போய் போனை எடுத்தேன்.
பாலத்தைக் காட்டுவதற்கு முன்னால்
அன்றைய தேதியைச் சொன்னேன்.